கெத்தா, சத்தா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மாற்றிக் கட்டுகிறவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஒரு கட்சிக்குத் தோற்றம்தான் எல்லாம். அகலமான மட்கார்டு வேண்டும், கார் தரையோடு தரையாக நிற்க வேண்டும், பின்னால் பெரிய ஸ்பாய்லர் இருக்க வேண்டும். மறு கட்சி இவற்றை வெறும் கெத்து என்று ஒதுக்கிவிட்டு, எடை எவ்வளவு, குதிரைத்திறன் எவ்வளவு, பந்தயத் தடத்தில் ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கணக்குக் கேட்கும். எந்தப் பழைய காரைச் சுற்றியும் இந்தச் சண்டை நடக்கலாம் என்றாலும், அதிகச் சூட்டோடு நடப்பது போர்ஷே 911ஐச் சுற்றித்தான். 1963இல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் கார், காற்றால் குளிரும் எஞ்சினோடு 1998 வரை அடிப்படை உருவம் மாறாமல் வந்தது. ஒரு வருடத்துக் காரின் பாகத்தைக் கொஞ்சம் மெனக்கெட்டால் வேறொரு வருடத்துக் காரில் பொருத்திவிடலாம். வெட்டவும் ஒட்டவும் இவ்வளவு இடம் கொடுக்கும் கார் அபூர்வம். அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸில் கார்பன் ஃபைபர் போர்த்திப் பெரும்பணக்காரர்களுக்கு விற்கிறவர்களும், ஜப்பானில் ரம்பத்தால் மட்கார்டை அறுக்கிறவரும் ஒரே காரைத் தேடி வருகிறார்கள். இவர்களில் யார் செய்வது சரி என்று கேட்டால் இரண்டு கட்சியும் ஆளுக்கொரு பாகத்தைச் சுட்டிக்காட்டும். அந்த வழக்கத்தில்தான் பிழை என்பது என் வாதம். ஒரு பாகம் அழகுக்கா, உபயோகத்துக்கா என்பதை அந்தப் பாகத்தை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. அது ஏறிய பிறகு மிச்சக் கார் அதற்கு ஈடு கொடுத்ததா, இல்லை தன்னிடம் இருந்ததையும் இழந்ததா என்று பார்க்க வேண்டும். காரிடமிருந்து எதையும் பிடுங்காத அலங்காரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. திறனைக் குறைத்துவிட்டு, கூட்டியதுபோல் பாவனை செய்யும் அலங்காரம்தான் குற்றவாளி.

முதல் சாட்சியாக, 911 வரலாற்றிலேயே மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட பாகத்தைக் கூப்பிடலாம். கரேரா ஆர்எஸ் 2.7 காரின் பின் மூடியில் நிமிர்ந்து நிற்கும் வாத்துவால் ஸ்பாய்லர் அது. 911இன் எஞ்சின் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்குவது. கூரையிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்த முதுகின் மேல் காற்று பாயும்போது, வேகம் ஏற ஏறப் பின்பக்கம் தூக்கப்படும். எடையெல்லாம் பின்னால் இருக்கும் காரில் பின் டயர்களின் பிடி தளர்வது விளையாட்டு விஷயம் இல்லை. பொறியாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் மூடியின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி அளந்து பார்த்தார்கள். உச்ச வேகத்தில் பின் ஆக்சிலில் சுமார் 145 கிலோவாக இருந்த தூக்கு விசை 42 கிலோ அளவுக்கு இறங்கியது. எஞ்சினுக்குப் போகும் குளிர்காற்றும் கூடியது. 1972 ஆகஸ்ட் 5 அன்று இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தபோது அதில் இருந்த பெயர்கள் மூன்று: ஹெர்மன் புர்ஸ்ட், டில்மன் பிராட்பெக், ரோல்ஃப் வீனர். முதல் இருவரும் பொறியாளர்கள். மூன்றாமவர் ஸ்டைல் பிரிவைச் சேர்ந்தவர். கெத்தும் சத்தும் வேறு வேறு என்று அடித்துப் பேசுகிறவர்கள் அந்த ஒரு தாளையாவது பார்க்க வேண்டும். விற்பனைப் பிரிவோ இந்தக் காரை யார் வாங்குவார்கள் என்று கையைப் பிசைந்தது. பந்தய விதிக்குத் தேவைப்பட்ட 500 கார்கள் 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, நவம்பர் முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. கடைசியில் 1,580 கார்கள் கட்டப்பட்டன. இதில் இன்னொரு கணக்கும் உண்டு. எல்லாவற்றையும் கழற்றி எடை குறைத்த வகையைக் கேட்டு வாங்கியவர்கள் 200 பேர்தான். பெரும்பாலானவர்கள் அதே வாலோடு சௌகரியமான உட்புறத்தையும் கேட்டார்கள். பிறந்த நாளிலேயே அந்த வாலுக்கு இரண்டு வகை ரசிகர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்த வாலின் நகல் இன்று ஃபைபரில் எளிதாகக் கிடைக்கிறது. பின் மூடியைக் கழற்றி இதை மாட்ட அரை நாள்கூட ஆகாது. மாட்டியவர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. வாத்துவால் தனியாக வந்ததில்லை. அதற்கு முந்தைய மாடலிலேயே, அதாவது 1972 மாடல் 911 எஸ் காரில், முன் பம்பருக்குக் கீழே தாடை போல ஒரு சிறு ஸ்பாய்லர் வந்துவிட்டது. முன்பக்கம் தூக்குவதை அது அடக்கியது. பின்னால் அழுத்தம் கூடினால், ஆக்சிலுக்கும் பின்னாலிருந்து அழுத்துவதால், முன் சக்கரங்களின் பாரம் அதற்கேற்பக் குறையும். தாடை இல்லாமல் வாலை மட்டும் மாட்டிய காரில் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் கையில் லேசாக, பிடிமானமில்லாமல் ஆடும். அச்சு அசல் அதே பாகம்தான், அளவும் அதேதான். ஒரு காரில் அது தீர்வாக இருந்தது, இன்னொரு காரில் புதுப் பிரச்சினையாகிவிட்டது. வித்தியாசம் பம்பருக்கு அடியில், நின்றுகொண்டு பார்க்கிறவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

அதே ஆர்எஸ்ஸில் பிறந்த இன்னொரு சின்னப் பொருள், கதவைத் திறக்கும் பட்டை. எடை குறைத்த வகையின் எடை 960 கிலோ. அதற்காகக் கடிகாரத்தை எடுத்தார்கள், கண்ணாடியை மெல்லியதாக்கினார்கள், பானெட்டில் உலோகச் சின்னத்துக்குப் பதிலாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கதவின் உள்பக்கக் கைப்பிடியையும் அதன் இணைப்புகளையும் தூக்கிவிட்டு ஒரு பட்டையைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். இழுத்தால் கதவு திறக்கும். இன்று போர்ஷேவே அந்தப் பட்டையை 1,400 கிலோவைத் தாண்டும் கார்களில், பவர் விண்டோ மோட்டாருக்குப் பக்கத்திலேயே, விருப்பப்பட்ட நிறத்தில் மாட்டித் தருகிறது. எடைக் கணக்குக் கட்சிக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பட்டை காரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. கதவு முன்பு திறந்தது போலவே திறக்கிறது. ஒரு பழைய காரை நினைத்துக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் மேக்னஸ் வாக்கர் கட்டிய 911களில் கதவுக் கைப்பிடியில் வரிசையாகத் துளை போட்டிருப்பார். பந்தயக் கார்களில் எடை குறைக்கத் துளையிடும் வழக்கத்தின் சாயல் அது. கைப்பிடியில் மிச்சமாவது சில கிராம். வாக்கர் துணி வடிவமைப்புத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதால், இதைப் பூவேலைப்பாடு என்று எடுத்துக்கொள்வதே நியாயம். 1971ஆம் வருடத்து சாதாரண 911டி ஒன்றை அவர் வருடக்கணக்காக மாற்றி மாற்றிக் கட்டி, ஓட்டித் தேய்த்துக்கொண்டே இருந்ததால்தான் அந்தத் துளைகளுக்கு மதிப்பு வந்தது.

‘கம்பெனியே கெத்துக்காகச் செய்யவில்லையா?’ என்று கேட்கலாம். செய்தது. 1975இல் வந்த 911 டர்போவின் அகன்ற இடுப்பும் பெரிய பின் ஸ்பாய்லரும் வாடிக்கையாளர்களைக் கிறங்கடித்தன. டர்போ எஞ்சின் வேண்டாம், அந்த உடம்பு மட்டும் போதும் என்று கேட்டவர்களுக்காக 1984 முதல் எம்491 என்ற ஆப்ஷன் வந்தது. சாதாரண கரேரா எஞ்சின், டர்போவின் உடம்பு. விளைவாக எடை 50 கிலோ அளவுக்குக் கூடியது. அகன்ற உடம்பு காற்றை அதிகம் எதிர்த்ததால் உச்ச வேகம் ஒல்லியான கரேராவைவிடக் குறைந்தது. கூடுதல் பணம் கொடுத்து மெதுவான காரை வாங்கினார்கள். இதை வைத்து எம்491ஐ முழு வேஷம் என்று தள்ளிவிடவும் முடியாது. அதோடு டர்போவின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் சேர்ந்தே வந்தன. அந்த பிரேக்கின் பூர்வீகம் 917 பந்தயக் கார். மலைப்பாதையில் இறங்கிக்கொண்டே இருக்கிறவருக்கு அது பெரிய வரம். கம்பெனி கெத்தை விற்றது. ஆனால் அகன்ற மட்கார்டுக்குக் கீழே என்ன இருக்க வேண்டுமோ அதையும் வைத்து விற்றது. வெளியே செய்யப்படும் நகல்களில் முதலில் காணாமல் போவது இந்தக் கீழ்ச்சரக்குதான்.

தட்டை மூக்கு 911 இன்னும் தெளிவான உதாரணம். 1976இல் வந்த 935 பந்தயக் காருக்கான குரூப் 5 விதி, மட்கார்டின் வடிவத்தை இஷ்டம்போல் மாற்றலாம் என்றது. ஹெட்லைட் அந்த மட்கார்டின் பகுதிதானே என்று வாசித்தார் பொறியாளர் நார்பர்ட் சிங்கர். ஹெட்லைட் கீழே பம்பருக்கு இறங்கியது, மூக்கு சரிந்தது, காற்று வழுக்கிப் போனது. கிரேமர் சகோதரர்கள் மாற்றிக் கட்டிய 935 கே3 1979இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒட்டுமொத்தமாகவே வென்றது. 1980களில் அந்த மூக்கு சாலைக் கார்களுக்கு வந்தபோது, மேலே எழும்பும் ஹெட்லைட், அதற்கு மோட்டார், அதற்கு மூடி என்று வரிசையாகச் சேர்ந்தன. இரவில் விளக்கைப் போட்டால், பந்தயப் பொறியாளர் எதைக் காற்றின் வழியிலிருந்து அகற்றினாரோ அது மறுபடி காற்றுக்கு நடுவே எழுந்து நிற்கும். தொண்ணூறுகளில் பலர் இந்த மூக்கைக் கழற்றிவிட்டு வட்ட ஹெட்லைட்டுக்குத் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது மிகப் பொதுவான இரண்டு மாற்றங்களுக்கு வருவோம்: தாழ்த்துவது, அகலப்படுத்துவது. பழைய 911இல் முன்பக்கத்தைத் தாழ்த்த ஒரு ஸ்பேனர் போதும். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் இருப்பதால், அதன் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டைத் திருப்பினால் கார் இறங்கிவிடும். காசு செலவில்லை, பார்க்கவும் உடனே மிரட்டலாகத் தெரியும். கீழே நடப்பது வேறு. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கரங்கள் தரைக்கு இணையாக இருக்க வேண்டியவை. கார் இறங்க இறங்க அவற்றின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். அப்போது திருப்பத்தில் கார் எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சரியுமோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், தாழ்ந்த கார் திருப்பத்தில் குறைவாகச் சரிவதற்குப் பதில் கூடுதலாகவே சரியும். ஸ்டியரிங் கம்பிகளின் கோணமும் கெட்டுவிடுவதால், சக்கரம் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் தானாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பந்தயக் கார்களில் முன் ஸ்ட்ரட்டில் சக்கர அச்சு பொருந்தும் இடத்தையே மேலே ஏற்றிப் பொருத்துவார்கள். கரம் இணையாகவே இருக்கும், கார் மட்டும் இறங்கும். ஸ்டியரிங் ரேக்குக்கு அடியில் ஸ்பேசர் வைப்பார்கள். வேலை அதிகம், செலவு அதிகம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்பேனரால் இறக்கிய காரும், ஸ்ட்ரட்டை மாற்றி இறக்கிய காரும் அருகருகே நின்றால் யாராலும் வேறுபடுத்த முடியாது. முதல் வளைவில் ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும்.

அகலப்படுத்துவதும் அப்படித்தான். டயர் அகலமானால் பிடி கூடும் என்பது உண்மை. அகலத்துக்கு நேர் விகிதத்தில் கூடும் என்பது உண்மையில்லை. டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் மேலே உள்ள பாரத்தையும் உள்ளே உள்ள காற்றழுத்தத்தையும் பொறுத்தது. டயரை அகலமாக்கினால் அந்தப் பரப்பின் வடிவம் நீளத்திலிருந்து அகலத்துக்கு மாறுகிறதே தவிர, பரப்பு அந்த அளவுக்கு வளர்வதில்லை. இலகுவான காரில் ரொம்ப அகலமான டயர் சாலை வேகத்தில் சூடேறி வேலை செய்யும் வெப்பத்துக்கு வருவதே இல்லை. மழையில் தண்ணீர் மேல் மிதக்கும், சாலையில் பள்ளமான சுவடு இருந்தால் அதன் போக்கிலேயே காரை இழுத்துக்கொண்டு போகும். ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால், ஸ்டியரிங் சுழலும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் கூடும். ஒவ்வொரு மேடும் ஸ்டியரிங் வழியாகக் கையை உதறும், பேரிங் சீக்கிரம் தேயும். 911 புகழ் பெற்றதே ஸ்டியரிங் வழியாகச் சாலையைக் கைக்குச் சொல்லும் கார் என்பதால்தான். அந்தப் பேச்சைக் கெடுத்துவிட்டு அகலத்தை வாங்குவது மோசமான பண்டமாற்று. ஒப்பீட்டுக்கு, கம்பெனியே 1960களில் என்ன செய்தது என்று பார்க்கலாம். ஆரம்பகால 911 திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் வாலை வீசும். முதலில் முன் பம்பரின் இரு முனைகளிலும் 11 கிலோ இரும்புக் கட்டியை ஒளித்து வைத்தார்கள். பிறகு 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. 911 வரலாற்றில் ஓட்டுகிறவருக்கு மிகப் பெரிய உதவி செய்த மாற்றம் அந்த 57 மில்லிமீட்டர்தான் என்பேன். அதை யாரும் நகலெடுத்துக் கெத்துக் காட்டியதில்லை.

இங்கே ஜப்பானிலிருந்து வலுவான ஆட்சேபம் வரும். சிபா மாகாணத்தைச் சேர்ந்த அகிரா நகாய், ரவ் வெல்ட் பெக்ரிஃப் என்ற பெயரில் கட்டும் 911கள் உலகம் முழுக்கப் பிரபலம். வாடிக்கையாளரின் ஊருக்கே போய், கம்ப்யூட்டர் வரைபடம் எதுவுமில்லாமல், கண்ணால் அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு பார்த்து, இரும்பு மட்கார்டை ரம்பத்தால் அறுப்பார். அதன்மேல் பெரிய ஃபைபர் மட்கார்டைத் திருகி, விளிம்பு முழுக்க சிலிக்கானைப் பிதுக்கி விரலால் வழித்துவிடுவார். மேலே சொன்ன கணக்குப்படி இவர்தான் முதல் குற்றவாளியாக நிற்க வேண்டும். ஆனால் அவர் தன் சொந்தக் கார்களையும் தன் கூட்டத்தின் கார்களையும் மோட்டெகி பந்தயத் தடத்தில் 12 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோய் ஓட்டியவர். சறுக்கி ஓட்டும் கூட்டத்தில் வளர்ந்தவர். தடத்தில் டயர் சூடேறும், வேகமான வளைவில் அகலம் வேலை செய்யும், மேடு பள்ளம் கிடையாது. அங்கே அவருடைய கார் ஒரு முழு வாக்கியம். அதே உடம்பு, வாரம் ஒருமுறை காபி குடிக்கப் போகிறவரின் காருக்கு, பழைய டார்ஷன் பாரும் தேய்ந்த புஷ்ஷும் அப்படியே இருக்க, மேலே மட்டும் ஏறும்போது அந்த வாக்கியத்தில் பாதிதான் மிஞ்சுகிறது. நகாயின் கைவேலையை நான் குறை சொல்லவில்லை. ஒரு மனிதர் நேரில் வந்து தன் கண்ணை நம்பி அறுத்த கார் என்பதில் கைவினைக்குரிய மதிப்பு இருக்கிறது. அதற்காகவே பணம் கொடுப்பவர் ஏமாறவில்லை. வேகத்துக்காகக் கொடுத்தேன் என்று சொல்பவர்தான் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

எதிர்முனையில் நிற்பது சிங்கர் வெஹிக்கிள் டிசைன். பாடகராக இருந்த ராப் டிக்கின்சன் 2009இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. பெயரில் அவருடைய பழைய தொழிலும் இருக்கிறது, 935 கட்டிய நார்பர்ட் சிங்கருக்கான மரியாதையும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடப் பெரிய வேஷம் கிடையாது. 1989 முதல் 1994 வரை வந்த 964 வகைக் காரை எடுத்து, அதன் மேல் அறுபதுகளின் இறுதியில் வந்த 911இன் முகத்தைப் போர்த்துகிறார்கள். சில கார்களில் எஞ்சின் அறைக்கே தையல் போட்ட தோல் விரிப்பு. ஆனால் அடியில் எதை எடுத்தார்கள் என்று கவனிக்க வேண்டும். 964இல்தான் டார்ஷன் பார் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது, பவர் ஸ்டியரிங்கும் ஏபிஎஸ்ஸும் வந்தன. பழைய முகத்தை விரும்பினார்கள், பழைய எலும்பை விரும்பவில்லை. கதவுகள் தவிர உடம்பு முழுக்க கார்பன் ஃபைபர் என்பதால் கனம் குறைந்தது. 964இல் 80 கிலோமீட்டர் வேகத்தில் தானாக எழும் பின் ஸ்பாய்லர் உண்டு. அதைத் தூக்கி எறியாமல் பழைய மூடியின் வடிவத்துக்குள் மறைத்து வைத்தார்கள். நின்றால் 1960கள், ஓடினால் 1990கள். பானெட்டின் நடுவில் வட்டமாக இருக்கும் பெட்ரோல் மூடி மட்டும் பழைய பந்தயக் கார்களின் நினைவுக்காக. பின்னர் வில்லியம்ஸ் பொறியியல் நிறுவனத்தோடு சேர்ந்து 75 கார்கள் மட்டும் என்று தொடங்கிய திட்டத்தில், காற்றோட்டத்துக்கு ஆலோசனை சொல்ல நார்பர்ட் சிங்கரையே அழைத்தார்கள். அந்தக் காரின் வாத்துவாலும் அழுத்தம் கொடுக்கும்படி மறுபடி வடிக்கப்பட்டது. 1972இல் மூன்று பேர் ஒரே தாளில் கையெழுத்திட்ட வேலையின் தொடர்ச்சி என்று இதைச் சொல்லலாம். விலை வயிற்றெரிச்சல் தரும் என்பது வேறு விஷயம். அதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை, தேவையும் இல்லை.

அதே திட்டத்தின் எஞ்சின் 4 லிட்டர், 500 குதிரைத்திறன். இங்கே சத்துக் கட்சியை நிறுத்திக் கேட்க ஒரு கேள்வி உண்டு. எண்ணும் ஒரு அலங்காரம்தானே? 1973 மாடல் ஆர்எஸ் 2.7க்கு இருந்தது 210 குதிரைத்திறன். அதற்கு முந்தைய 911 எஸ்ஸைவிட 20 மட்டும் அதிகம். அதன் பேருக்குக் காரணம் குறைந்த எடையும், அடங்கிய பின்பக்கமும், முன்பக்கத்தைவிடப் பின்னால் அகலமான டயரும், அதற்காக மட்டும் 42 மில்லிமீட்டர் விரிந்த பின் மட்கார்டும். ஒன்றுக்கு ஒன்று ஈடு. பழைய கார்களில் பிற்காலத்து எஞ்சினை இறக்கி, குதிரைத்திறன் எண்ணைச் சொல்லிச் சொல்லி மகிழ்பவர்கள், பிரேக்கும் கியர்பாக்ஸும் அந்த எண்ணுக்கு ஏற்றவையா என்று சொல்வதில்லை. ஒரு சாலையிலும் திறக்கவே முடியாத சக்தியை வாங்கி வைத்திருப்பதும், ஒரு வளைவிலும் சூடேறாத டயரை வாங்கி வைத்திருப்பதும் ஒரே வகைச் செலவு. ஒருவர் அகலத்தைக் காட்டுகிறார், மற்றவர் காகிதத்தைக் காட்டுகிறார். பின்னவருக்கு மட்டும் பொறியியல் என்ற மரியாதை கிடைப்பது நியாயம் இல்லை.

‘சாலையில் யாரும் எல்லைவரை ஓட்டுவதில்லை, அப்படியிருக்க தூக்கு விசை, சரிவு மையம் என்று எதற்கு இந்தப் பாடம்? என் கார், என் சந்தோஷம்’ என்பது அடுத்த வாதம். பாதி சரி. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வாத்துவால் எதுவும் செய்வதில்லை. ஆனால் சஸ்பென்ஷன் நாற்பதிலும் வேலை செய்கிறது. சொல்லப்போனால் மெதுவான சாலையில்தான் அதிகம் வேலை செய்கிறது. ஆகக் குறைவான உயரமுள்ள கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று யோசிக்கிறது. கையை உதறும் ஸ்டியரிங் எந்த வேகத்திலும் உதறும். சந்தோஷம்தான் குறிக்கோள் என்றால் கெட்டுப் போவதும் அதே சந்தோஷம்தான். பந்தய நேரத்தை வைத்து நான் சத்தை அளக்கவில்லை. ஓட்டும்போது கைக்கும் இடுப்புக்கும் காதுக்கும் என்ன வந்து சேருகிறது என்பதே பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சத்து. நேரத்தில் எந்தப் புது ஹேட்ச்பேக்கும் அதை முந்திவிடும்.

எண்பதுகளின் காரைப் பின்தேதியிட்டு எழுபதுகளின் காராகக் காட்டும் வேலையையும் இதே தராசில் வைக்கலாம். அசல் விரும்பிகள் இதைப் பச்சைப் பொய் என்பார்கள். 1974 மாடலில் வந்த பெரிய பம்பர்கள் மோதல் விதிகளால் வந்தவை. அமெரிக்காவுக்குப் போனவற்றில் மணிக்கு 8 கிலோமீட்டர் மோதலைத் தாங்க உள்ளே ஹைட்ராலிக் தாங்கிகளும் உண்டு. அவற்றைக் கழற்றி ஃபைபர் பம்பர் மாட்டினால் காரின் இரு முனைகளிலும் எடை குறைகிறது. முனைகளில் எடை குறைந்த கார் திருப்பத்தில் சட்டென்று திரும்பும். ஆக, தேதி பொய்யாக இருந்தாலும் கார் முன்னைவிடச் சுறுசுறுப்பு. கூடவே, பின்னாலிருந்து யாராவது இடித்தால் தாங்கிக்கொள்ள இருந்த உலோகம் போய்விட்டது. இது பண்டமாற்று என்று தெரிந்து செய்தால் போதும். அதே காரை 1973ஆம் வருடத்து அசல் என்று விற்கப் போனால் அது வேறு சங்கதி, போலீஸ் சங்கதி.

கடைசி ஆட்சேபம் அசல் விரும்பிகளுடையது: எதையும் தொடாதே. அவர்களோடு ஓரிடத்தில் மட்டும் ஒத்துப்போகிறேன், அதுவும் இரும்பு விஷயத்தில். 911இல் முன் மட்கார்டு போல்ட்டால் மாட்டப்பட்டது. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் மாட்டலாம், பத்து வருடம் கழித்துத் திரும்ப மாட்டலாம். பின் மட்கார்டு உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. அதை அறுத்துவிட்டால், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர டிங்கரிங் வேலைக்கு ஆகும் செலவு பெரும்பாலும் அகலப்படுத்த ஆன செலவைவிட அதிகம். 1,580 மட்டும் கட்டிய ஆர்எஸ்ஸில் ரம்பம் வைப்பவர் இன்று எவரும் இருக்க மாட்டார். ஆனால் எண்பதுகளின் ஒல்லியான 3.2 கரேராக்களை, நிறைய இருக்கின்றன என்ற தைரியத்தில், பல வருடங்களாக அறுத்துத் தள்ளியிருக்கிறார்கள். அகலப்படுத்தக் கிளம்பும் ஒருவர் முதல் வருடப் பணத்தைப் புஷ், ஷாக் அப்சார்பர், டயர், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றில் போடட்டும். இவற்றில் எதுவும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாதது இல்லை. அதற்குப் பிறகும் டயர் போதவில்லை, மட்கார்டில் இடிக்கிறது என்றால், அப்போது பின் மட்கார்டை அறுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்; எவ்வளவு அறுக்க வேண்டும் என்ற அளவும் டயரிலிருந்தே கிடைத்துவிடும்.